அம்மணி கரையேறிய பங்குனி

நான் வண்டிக்காரன். பருத்தியும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கிழக்கே கடற்கரைக்குப் போவேன். உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்புவேன். அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது, எங்கள் பக்கம் தண்டவாளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்கூடக் குறைவு. எல்லாம் மாட்டு வண்டிதான். ஆடி மாதம் வந்தால் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேருக்குத் தடி போடுகிற ஆட்களில் நானும் ஒருவன். சக்கரத்துக்குப் பின்னால் நீண்ட தடியைக் கொடுத்து, பத்துப் பேர் அதன் நுனியில் ஏறித் தொங்கி, மலைபோல் நிற்கிற தேரை ஒரு சாண் நகர வைக்க வேண்டும். அந்த வேலைக்குக் குரல் வேண்டும். எனக்குக் குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. என்னை வாயடைக்க வைத்த ஆள் ஊரில் யாரும் கிடையாது. வாயடைக்க வைத்தது ஒரு மீன்.

அந்த வருடம் பங்குனியில் என் மனைவிக்கு மூன்றாவது பிரசவம் ஆகி ஒன்றரை மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. ஆட்டுப்பாலும் கழுதைப்பாலும் பாலாடையில் ஊற்றிப் பார்த்தோம், இரண்டு குழந்தைகளும் கக்கிக் கக்கியே போய்விட்டன. மூன்றாவது பெண். இதுவும் ஆட்டுப்பாலைக் கக்கியது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெண் ஒருத்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மடியில் தன் பிள்ளையை ஒரு பக்கமும் என் மகளை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். அவள் புண்ணியத்தில்தான் என் மகள் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் வத்திராயிருப்பில் இருந்த புருஷன் வீட்டுக்குப் போக நாள் குறித்துவிட்டார்கள். நான் கிளம்பியதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் வண்டி வரும்.

பால்சுறாக் கருவாடு தின்றால் பால் ஊறும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதல் இரண்டு பிரசவத்துக்கும் சந்தையில் வாங்கிக் கொடுத்தேன். எதையோ கொடுத்துப் பால்சுறா என்று தலையில் கட்டிவிட்டார்கள். இந்தத் தடவை நானே கரைக்குப் போய், கண் முன்னால் உப்பு வைக்கச் சொல்லி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன்.

என் மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, "என்னைக்கு வருவீக?" என்றாள்.

"எட்டாம் நாள் பொழுதடைய வந்துருவேன்."

"எட்டாம் நாள்னா எட்டாம் நாள். அவிய வண்டி ஒம்பதாம் நாளு வருது. ஒரு நாளு பிந்துனாலும் எம்புள்ள பட்டினி. தெரியும்லா?"

"தெரியும்ட்டி. வாரேன்."

என்னோடு ராஜபாளையத்து ராவுத்தர் ஒருவரும் வந்தார். அவரும் வத்தல் வியாபாரம். நாங்கள் இரண்டு பேரும் மாமன் மாப்பிள்ளை என்று முறை வைத்துக்கொண்டு பழகியவர்கள். பாரம் குறைவாக ஏற்றிக்கொண்டு மாட்டை விரட்டி, நான்காம் நாள் காலையில் கரையைப் பிடித்துவிட்டோம். வழக்கமாகக் கருவாடு தருகிற பரதவப் பெண் ஒருத்தி அங்கே உண்டு. கணவன் வள்ளத்தில் போவான், அவள் உப்பு வைப்பாள். அவள் குடிசை வாசலில் ஆள் இல்லை. எந்த வாசலிலும் ஆள் இல்லை. வள்ளங்கள் எல்லாம் மணலில் குப்புறக் கிடந்தன.

ஊரே தெற்கே ஒரு மணல்திட்டுக்குப் பக்கத்தில் கூடி நின்றது. அந்தப் பெண் குடத்தோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு யாவாரம் கெடையாது. அம்மணி கரையேறிட்டா."

அம்மணி என்றால் யாரோ ஒரு பெண்பிள்ளை கடலில் விழுந்து ஒதுங்கிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம்தான் சொன்னாள். அம்மணி உழுவை என்று அவர்கள் சொல்வது ஒரு வகைச் சுறாமீனை. மாசி பங்குனியில் கடல் சலனமில்லாமல் கிடக்கும்போது வரும். வள்ளத்துக்குப் பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு மேலாக மேய்ந்துவிட்டுப் போகும். யாரையும் ஒன்றும் செய்யாது. அன்றைக்கு விடியுமுன் ஏற்றத்தண்ணீரில் வந்து, தண்ணீர் வடிந்ததும் மாட்டிக்கொண்டது. அது கரையில் கிடக்கும்வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. அந்தக் கரையின் ஊர்க்கட்டுப்பாடு அது.

"பால்சுறா வேணும். இருக்குதா?"

"ஒரு துண்டு இல்ல. போன வாரமே தீந்துபோச்சு. வள்ளம் எறங்குனாத்தான்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஏளா, எம்புள்ள அங்க பாலுக்குத் தவிச்சுக் கெடக்கு, நீங்க ஒரு மீனைச் சுத்தி நின்னு வேடிக்க பாக்கீகளா? பெரிய மீனு! எம்புட்டுப் பெரிய மீனு?" என்று கத்திக்கொண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

போனவன் நின்றுவிட்டேன்.

ராவுத்தர் பிறகு தன் துண்டை வைத்து அளந்தார். பதினாறு முழம். என் வண்டியையும் மாட்டையும் அதன் பக்கத்தில் நிறுத்தினால் வால் வரை எட்டாது. ஆனால் அளவு சொல்லி என்ன பிரயோஜனம். பெரியதைப் பார்க்காதவனா நான்? தேரின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன். தேர் மனிதன் செய்தது. இதைச் செய்தது யார்? அப்படி ஒரு கேள்வி அதுவரை என் மண்டையில் ஏறியதே இல்லை. முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், வரிசை வரிசையாக, நடுநடுவே கோடுகளோடு. மார்கழி மாதம் எங்கள் தெருப் பெண்கள் விடியலில் உட்கார்ந்து வைக்கிற புள்ளியில் ஒன்றிரண்டு கோணிப் போகும். இதில் ஒன்றும் கோணவில்லை. கடலுக்குள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று இவ்வளவு அழகு?

கையை வைத்தேன். புதிதாகக் கொத்திய அம்மி போலச் சொரசொரப்பு. கழுத்துப் பக்கம் செவுளுக்கு ஐந்து நீளமான வெட்டுகள், அவை மெதுவாகத் திறந்து மூடின. வாய் முகத்தின் முன்பக்கம் முழுவதும் ஓடியது. ஆள் ஒருவன் படுக்கலாம். இவ்வளவு பெரிய வாய்க்குள் பல் எல்லாம் கம்புமணி அளவுதான் என்று ஒரு மீனவர் விரலை விட்டுக் காட்டினார். என்னை உலுக்கியது அதன் மௌனம். மாடு பள்ளத்தில் விழுந்தால் அலறும். யானை கட்டுத்தறியில் பிளிறும். இது சாகக் கிடக்கிறது, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அதுதான் சத்தம்.

"யா அல்லா," என்றார் ராவுத்தர் என் காதுக்குப் பக்கத்தில்.

அப்புறம் எனக்குத் தெரிந்த வேலை நினைவுக்கு வந்தது. அசையாததை அசைக்கிறது என் வேலை. இதைக் கடலுக்கு அனுப்பினால் வள்ளம் இறங்கும், வள்ளம் இறங்கினால் பால்சுறா வரும். பருத்தியைக் கொட்டிவிட்டுச் சாக்குகளை நனைத்து அதன் முதுகில் போட்டேன். வள்ளம் தள்ளுகிற பனங்கட்டைகளை அடியில் கொடுக்கச் சொன்னேன். என் வண்டியிலிருந்த வடம் இரண்டையும் கொண்டுவந்தேன். அடுத்த ஏற்றத்தண்ணீர் சாயங்காலம் வரும் என்றார்கள். அதற்குள் எல்லாம் தயார்.

இங்கேதான் நான் கெடுத்தேன். மீன் தலை கரையைப் பார்த்துக் கிடந்தது, வால் கடலைப் பார்த்து. கருவாட்டுக்காரப் பெண் சொன்னாள், "வாலுல கயித்தக் கட்டி, அல தூக்கும்போது இழுத்தா வந்த வழியே போயிருவா அண்ணாச்சி."

"பின்னால இழுக்கவா? தேரை எவனாச்சும் பின்னால இழுப்பானா? முகத்தக் கடலுக்குத் திருப்பித்தான் அனுப்பணும்," என்றேன்.

"முகத்தத் திருப்புறதுக்குள்ள தண்ணி வடிஞ்சுரும்."

"நான் எத்தன தேரு நகத்தியிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?"

வடம் என்னுடையது, குரலும் என்னுடையது. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஏறியதும் தலைப்பக்கம் தடி கொடுத்து நெம்பினோம். நான் "கோவிந்தா" என்றேன், அவர்கள் "ஏலேலோ" என்றார்கள், ராவுத்தர் பாட்டுக்கு அவர் சாமியைக் கூப்பிட்டார். மூன்று கூப்பாடும் மூன்று நேரத்தில் வந்தன. எல்லோரும் சேர்ந்து ஒரு இழுப்பு இழுக்க முடியவில்லை. பாதிதான் திரும்பியது. அதற்குள் தண்ணீர் காலுக்குக் கீழே நழுவிப் போய்விட்டது. மீன் இப்போது கரைக்குக் குறுக்கே, முன்னைவிட மேட்டில் கிடந்தது.

கருவாட்டுக்காரப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அது தேரில்ல அண்ணாச்சி. அதுக்கு வலிக்கும்," என்றாள். இனி விடியற்காலைத் தண்ணீர்தான். அதுவரை அது தாங்குமோ தாங்காதோ. தாங்கினாலும் எனக்கு ஒரு நாள் போயிற்று.

பொழுது இறங்குகிற நேரத்தில் ஊர்க்காரர்கள் கஞ்சி குடிக்க முறை வைத்துப் போனார்கள். மீன் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ராவுத்தர் மடியிலிருந்து கயிறு அறுக்கும் கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மாப்பிள, செத்த நேரந்தான் ஆளில்லை. துடுப்பு ஓரத்துல ஒரு கைத்துண்டு அறுத்துக்கோ. அதுக்கு ஒரு கொசுக்கடி. இம்மாஞ்சிறு பால்சுறாவுக்கே பால் ஊறும்னா, இம்புட்டுப் பெரிய சுறாவுக்கு எம்புட்டு ஊறும்? இப்பமே வண்டியக் கட்டுவோம். எட்டாம் நாளு வீட்டுல இருக்கலாம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடல் தெரியாத எங்கள் மாதிரி ஆட்களுக்கு அப்படித்தான் தோன்றும். அதுவும் சுறா, இதுவும் சுறா; இது சுறாக்களுக்கெல்லாம் தாய். கத்தியை வாங்கிக்கொண்டு துடுப்புப் பக்கம் முட்டி போட்டேன். துடுப்பு எங்கள் வீட்டுக் கதவு அகலம். இடது கையை ஊன்ற இடம் தேடினேன், அப்போது தலைப்பக்கம் கண்ணைப் பார்த்தேன்.

அவ்வளவு பெரிய உடம்புக்கு அது சின்னக் கண். இலந்தைப்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்கு இமை கிடையாது. என் கை கிட்டே போனதும் அந்தக் கண் அப்படியே உள்ளே போனது. முழுக்க உள்ளே அமுங்கி, இடத்தில் ஒரு வெள்ளைக் குழி மட்டும் நின்றது. நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அது மெல்ல மெல்ல வெளியே வந்து, என்னைப் பார்த்தது. பார்த்தது என்றுதான் நான் சொல்வேன். கடலின் அடியில் எந்தெந்த இருட்டையெல்லாமோ பார்த்துவிட்டு வந்த கண் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டிக்காரன் ஒருவனைப் பார்த்தது.

கருவாட்டுக்காரப் பெண் குடத்தோடு திரும்பி வந்து தண்ணீர் ஊற்றியபோதுதான் எழுந்தேன். கத்தி இடுப்பில் இருந்தது.

"அறுத்தியா?" என்றார் ராவுத்தர்.

"கத்தி மொட்டை," என்றேன்.

அவர் வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். கத்தியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

விடியும்வரை எல்லோரும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். கிழக்கு வெளுக்கும்போது கடல் ஏறி வந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. வாலில் வடம் கட்டினார்கள், தோல் அறுபடாமல் அடியில் என் சாக்குகளைச் சுற்றினார்கள். கருவாட்டுக்காரப் பெண்ணின் கணவன் அலையைப் பார்த்துக்கொண்டே நின்று, அலை அடியில் புகுந்து தூக்கும் நொடியில் மட்டும் குரல் கொடுத்தான். அலை தூக்கும், நாங்கள் இழுப்போம். அலை விடும், நாங்களும் விடுவோம். தேர் வடத்தில் நாங்கள்தான் இழுப்போம். இங்கே பாதி வேலையைக் கடல் செய்தது. கழுத்தளவு தண்ணீர் வந்ததும் அவ்வளவு பெரிய உடம்பு மிதந்தது. இரண்டே பேர் கையால் தள்ளித் தலையைக் கடல் பக்கம் திருப்பிவிட்டார்கள். நேற்று அறுபது பேர் முக்கியும் திருப்ப முடியாத அதே தலை.

ஆனால் அது போகவில்லை. ஒருக்களித்து அப்படியே கிடந்தது. வெட்டுகள் திறக்கவில்லை. பெண்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன். அப்போது வெட்டுகளில் ஒன்று திறந்தது. பிறகு ஐந்தும். வால் ஒரு தடவை அசைந்தது, அந்தத் தண்ணீர் வந்து மோதி நானும் ராவுத்தரும் மல்லாக்க விழுந்தோம். எழுந்து பார்த்தபோது புள்ளிகள் தண்ணீருக்கு அடியில் நகர்ந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லாமல் போனது. ராவுத்தர் சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். நானும்தான்.

அன்று மதியமே வள்ளங்கள் இறங்கின. மறுநாள் காலை கருவாட்டுக்காரப் பெண் கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே உப்பு வைத்த நாலு மீன். ஒவ்வொன்றும் ஒரு முழம்.

"இதுதான் பால்சுறாவா?"

"பின்ன?"

"அப்ப அம்மணி கறி?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அத ஆரு திம்பா? தின்னா வயிறுதான் போவும்! பால் ஊறுமாம்லா!" என்று ஊரையே கூப்பிட்டுச் சொன்னாள். ராவுத்தர் எனக்கு முந்தி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மாட்டை என்ன விரட்டியும் ஒன்பதாம் நாள் பொழுதடையத்தான் வீடு வந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் காலையிலேயே போய்விட்டாள். தெருமுனையிலேயே என் மகளின் குரல் கேட்டது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, தொண்டை வறண்டு முனகல். ராவுத்தர் பாவம், சமாதானம் சொல்கிறேன் என்று வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அம்மணி, வடம், திருப்பினது, கத்தி, எல்லாம்.

என் மனைவி எழுந்து நின்றாள். "கத்தி கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அத அறுத்தா பால் ஊறும்னு நெனச்சீகளா, இல்லையா?"

"நெனச்சேன்."

"நெனச்சும் அறுக்காம வந்துட்டீக."

அன்றே பால்சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டாக்கித் தின்றாள். மறுநாளும் தின்றாள். அந்த இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் பிள்ளைக்குப் பாலாடையில் ஆட்டுப்பால். குடித்ததில் பாதியைக் கக்கியது. நான் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் விடியலில் அவளுக்குப் பால் சுரந்தது. சுறாவால் ஊறியதோ, தானாக ஊறியதோ, எனக்குத் தெரியாது. பிள்ளை குடித்தது, தொண்டை ஏறி இறங்கியது. அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. நானாகப் போய் எட்டிப் பார்த்தேன்.

என் மகளுக்கு இப்போது பேரன் பேத்தி உண்டு. அந்தப் பங்குனிக்குப் பிறகு நான் வண்டி கட்டிய காலம் முழுக்க மாசி பங்குனியில் சரக்கு இல்லாவிட்டாலும் கரைக்குப் போனேன். சில வருடம் வராது. சில வருடம் தூரத்தில் ஒரு துடுப்பு மட்டும் தெரியும். ஒரே ஒரு தடவை கருவாட்டுக்காரப் பெண்ணின் கணவன் என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனான். கண்ணாடித் தண்ணீர். எங்கள் அடியில் அது போனது. தலை வந்தது, புள்ளிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன, வால் வருவதற்குள் நான் மூச்சு விட மறந்துபோனேன். அதுதானா வேறொன்றா, யாருக்குத் தெரியும்.

என் மனைவி கடைசிவரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சண்டை வந்தால் மட்டுமில்லை, சும்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதுகூடக் கேட்பாள். "கத்தி கையில இருக்கும்போது எம்புள்ள முகம் வரலையா ஒங்களுக்கு?" நான் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னேன். வந்தது, அதனால்தான் கை நடுங்கியது, பயந்துவிட்டேன் என்று. அவள் நம்பினாளோ என்னவோ, அதோடு விட்டுவிடுவாள்.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. இனிமேல் உண்மையைச் சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை. அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் எனக்கு ஒரு பிள்ளை இருப்பதே நினைவில் இல்லை.